வீட்டுல சும்மாதான் இருக்கா

கணக்கெடுக்க வந்திருக்கோம்னு சொல்லிக்கிட்டு எவளாச்சும் வாசல்ல வந்து நின்னா, சேர எடுத்துப் போட்டுராதிய அண்ணாச்சி. தண்ணி கேட்டா குடுங்க. வெயில்ல வந்த பிள்ளைக்குத் தண்ணி குடுக்காம இருக்க முடியாது. ஆனா சேரு போடாதிய. உக்காந்துட்டான்னா கேள்வி மேல கேள்வியாக் கேப்பா. கேட்டுட்டு அவ பாட்டுக்கு எந்திச்சுப் போயிருவா. பொறவு நாமதான் அந்த வீட்டுக்குள்ள கெடக்கணும்.

கொஞ்சம் தள்ளி உக்காருதியளா? ஆங், போதும். பின் சீட்டுன்னா தூக்கித் தூக்கிப் போடும், பரவாயில்ல. இந்தக் கூட்டத்துல கண்டக்டர் இங்கன வந்து சேர நேரமாகும். அதுவும் நல்லதுக்குத்தான்.

முன்னால பாருங்க. டிரைவருக்குப் பின்னால, ஜன்னலோரமா, பச்சத் துப்பட்டா போட்டு ஒரு பிள்ள தெரியுதா? அதான் என் மவ. இந்துஜா. விரல நீட்டாதிய அண்ணாச்சி, திரும்பிப் பாத்துட்டான்னா வம்பு. நான் இந்த பஸ்ல ஏறினது அவளுக்குத் தெரியாது. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போறா, நெஞ்சப் படம் எடுக்கதுக்கு. நானும் வாரேம்ட்டின்னேன். வேண்டாம்னு தலைய ஆட்டினா. வாயத் தொறந்துகூடச் சொல்லல, தலையத்தான் ஆட்டினா. அவ முன்வாசல்ல ஏறவும், நான் டீக்கடை மறைவுல இருந்து ஓடியாந்து பின்வாசல்ல ஏறிட்டேன். பெத்த மவளுக்குப் பொறத்தால களவாணி கணக்காப் போறேன். எல்லாம் அந்த சர்வே எடுக்க வந்த பிள்ளையால.

நான் நம்பிராஜன். பெயிண்டரு. ஆலங்குளம் பக்கம் எந்தக் கட்டடத்த வேணும்னாலும் கேளுங்க, பாதி நான் அடிச்ச சுண்ணாம்பாத்தான் இருக்கும். சாரத்துல ஏறினா கொரங்கு தோத்துப்போவும். இப்ப முடியாது. மூணாவது மாடியில இருந்து விழுந்தேன். அதுக்குப் பொறவு மாசத்துல ஏதோ கொஞ்ச நாளு, அதுவும் தரையில நின்னு அடிக்கிற வேலன்னா போவேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி, என் குடும்பத்த நான் யாருகிட்டயும் கையேந்த விட்டதில்ல. விழுந்து கெடந்த அந்த வருசம் முழுக்க என் வீட்டுல ஒருநா அடுப்பு அணையல. பிள்ள பள்ளிக்கூடம் போறது நிக்கல. எனக்கு வாரம் தவறாம எண்ண தேச்சு விட வைத்தியர் வந்தாரு. எப்பிடி நடந்துச்சுன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. கடவுள் கைவிடல, அம்புட்டுதான்.

என் வீட்டுக்காரி பேரு ஆவுடையம்மா. ஆவுடைன்னுதான் கூப்புடுவேன். கல்யாணத்தன்னைக்கு எங்க மாமனாரு என்னயத் தனியாக் கூப்புட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "மாப்ள, இவ ஆத்தா காலம்பூரா நாத்து நட்டு, கள பறிச்சு வெயில்லயே கருகிப் போனா. என் மவள வெயிலுக்கு மட்டும் அனுப்பிராதீரும்"னாரு. நான் அவரு கையப் புடிச்சுக்கிட்டு, "மாமா, உம்ம மவள வேலைக்கு அனுப்ப மாட்டேன். சும்மா உக்கார வச்சுச் சோறு போடுவேன்"ன்னேன். சபையில சொன்ன சொல்லு அண்ணாச்சி. அவ சாவுற வரைக்கும் காப்பாத்தினேன். எங்க தெருவுல எத்தன பொம்பளைய நூறு நாள் வேலைக்குப் போறாவ, செங்கச் சூளைக்குப் போறாவ! என் வீட்டுக்காரி காலு தெருவுல பட்டதில்ல. வாரத்துல ஆறு நாளு பீடிக்கடைக்கு மட்டும் போவா, அதுவும் பக்கத்துத் தெருதான்.

பீடியா? பீடி சுத்துவா. எங்க ஊர்ல பீடி சுத்தாத பொம்பள யாரு? பொண்ணு பாக்கப் போனப்பவே எங்க அம்மா கேட்டா, கை வேகமா இருக்குமான்னு. அது எல்லா வீட்டுலயும் கேக்கதுதான். சீரு சாமானோட கட்டிலு, பித்தளக் கொடம், பீடித்தட்டு எல்லாம் சேந்துதான் வந்துச்சு. காலையில கருக்கல்ல எந்திச்சு பீடி எலைய நனைச்சு, சாக்குல சுத்தி வச்சு, பதமானதும் வெட்ட உக்காருவா. பொறவு சோறு பொங்கி, பிள்ளைய அனுப்பி, எனக்குத் தூக்குச் சட்டியில ஊத்திக் குடுத்துட்டு, தட்ட மடியில வச்சான்னா பொழுது சாயுற வரைக்கும் கை ஓயாது. பொகையிலத் தூளு அள்ளி, சுத்தி, நூலு கட்டி, தலைய மடக்கி... பாத்துக்கிட்டே இருக்கலாம் அண்ணாச்சி. கண்ணு எங்கயோ இருக்கும், கை அது பாட்டுக்குப் போவும். டிவியில நாடகம் ஓடும். அத ஒரு வேலைன்னா சொல்ல முடியும்? வீட்டு நெழல்ல உக்காந்துக்கிட்டு, ஃபேனுக்கு அடியில இருந்து செய்யுறத!

இப்ப அந்த சர்வே பிள்ள கதைக்கு வாரேன்.

ரெண்டு வருசம் ஆச்சு. கழுத்துல அட்டையத் தொங்கப் போட்டுக்கிட்டு, கையில பலக கணக்கா ஒரு பெரிய போன வச்சுக்கிட்டு வந்தா. பேரு அகிலாவாம். ஏதோ ஆராய்ச்சி நெலையமாம். வருமானம் கம்மியா உள்ள குடும்பமெல்லாம் எப்பிடிப் பொழைக்கு, என்ன குடுத்தா அது நல்லாயிருக்கும்னு கண்டுபுடிக்காவளாம். நான் சேரு போட்டேன். என் புத்தி. வேட்டிய எறக்கி விட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்தேன். எத்தன பேரு, என்ன வயசு, நெலம் உண்டா, ஆடு மாடு உண்டா... எல்லாத்துக்கும் டக்குடக்குன்னு சொல்லுதேன். அந்தப் பிள்ளையும் போன்ல தட்டிக்கிட்டே வருது.

"வீட்டம்மா என்ன வேலை பாக்காங்க ஐயா?"ன்னு கேட்டா.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "வேலையா? அவள வேலைக்கெல்லாம் அனுப்புற வழக்கம் நம்ம வீட்டுல இல்லம்மா. வீட்டுல சும்மாதான் இருக்கா"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன் அண்ணாச்சி. பொய் சொல்லலியே? தெருவுல எந்த ஆம்பளைகிட்டக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவான். நீங்க உங்க வீட்டம்மாவப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவிய? அதான.

அந்தப் பிள்ள விடல. "அவங்ககிட்டயே ஒரு வார்த்த கேக்கலாமா"ன்னுச்சு. நான் சொன்னாப் போதாதா? சரி, வந்த பிள்ள மனசு கோணக் கூடாதுன்னு, "ஏ ஆவுட, காப்பி போட்டுக் கொண்டா"ன்னேன். அவ கதவுக்கு அந்தாலதான் தட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. மடியில ஒட்டுன தூளத் தட்டிட்டு எந்திச்சு, காப்பி போட்டுக் கொண்டாந்தா. டம்ளர வாங்கும்போது அந்தப் பிள்ள அவ கையவே பாத்துச்சு. "நீங்க என்னம்மா வேலை செய்யுறீங்க"ன்னு கேட்டுச்சு. ஆவுட என்னயப் பாத்தா. அப்பிடி ஒரு பார்வைய அதுக்கு முன்ன நான் பாத்ததில்ல. எதுக்குப் பாக்கான்னும் எனக்கு வெளங்கல. பொறவு குனிஞ்சுக்கிட்டு, "அவிய சொன்னது சரிதான்"னுட்டு உள்ள போயிட்டா. அந்தப் பிள்ள உள்கதவப் பாத்துச்சு. பொறவு நான் சொன்னதயே போன்ல தட்டிட்டுது.

கேளுங்க, இனிமேத்தான் விசயம். மறுநா காலையில நான் எந்திக்கேன், காப்பி இல்ல. எலை நனைக்கல. அடுப்பு பத்த வைக்கல. ஆவுட செவுத்துல சாஞ்சு, கால நீட்டி, ரெண்டு கையையும் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. "என்னட்டி, உடம்புக்கு என்ன"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னா. "பொறவு ஏன் இப்பிடி உக்காந்திருக்க"ன்னேன். "சும்மாதான் இருக்கேன்"ன்னா.

அம்புட்டுதான் சொன்னா. கோவமாச் சொல்லல, அழுதுக்கிட்டுச் சொல்லல. பிள்ள காலேஜுக்கு வெறும் வயித்தோட போனா. நான் கடையில போயி இட்லி வாங்கியாந்தேன். மத்தியானம் பீடிக்கடைக்காரரே ஆளு அனுப்பிட்டாரு, ஏன் இன்னைக்குச் சரக்கு வரலன்னு. அவனுக்கும் அதே பதிலு. "இன்னைக்குச் சும்மா இருக்கேன்னு சொல்லு." சாயந்தரம் வரைக்கும் வாசல்ல போற வார ஆட்களப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. காத்து கருப்பு அண்டிட்டோன்னு பயந்து, கையப் புடிச்சுச் சுடல கோயில் சாமியாடிகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு வேப்பல அடிச்சு, நெத்தியில துந்நூறு பூசி, "புதுசா யாரோ வீட்டுக்கு வந்து உத்துப் பாத்திருக்காவ. கண்ணு பட்டிருக்கு"ன்னாரு. சரியாச் சொன்னாரு பாத்தியளா? முந்தின நாளுதான அந்தப் பிள்ள இவ கையவே உத்து உத்துப் பாத்துட்டுப் போனா! துந்நூறு நல்லா வேல செஞ்சுட்டு. மறுநா கருக்கல்லயே எந்திச்சு எலைய நனைச்சுட்டா. அதுக்குப் பொறவு ஒருநாகூட அப்பிடி உக்காரல.

ஆனா அந்தக் கண்ணு முழுசா எறங்கல அண்ணாச்சி. அந்த வருசமே இருமல் கூடிட்டு. முன்னாலயும் இருமுவாதான், தூளுல இருக்கிறவங்களுக்கு அது உண்டு. இது வேற மாதிரி. ராவும் பகலும். எனக்கு உறக்கம் கெட்டுரும்னு, பாயத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டேன். தப்பா நெனைக்காதிய, எனக்கு மறுநா கண்ணு சொக்கினா பிரஷ் நிக்காது. அவளே சொன்னா, "நீங்க மேல படுத்துக்கிடுங்க"ன்னு. ஆஸ்பத்திரிக்கு வாட்டின்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன் தெரியுமா? "ஒருநா போனா ஒருநாக் கூலி போச்சு, பிள்ளைக்குப் பரீட்ச ஃபீஸு கெட்டணும்"னுவா. அவ எதுக்கு அதப் பத்திக் கவலப்படணும்? நான் இல்லையா?

அப்பத்தான் தெருவுல ஒரு வேன் வர ஆரம்பிச்சுது. அந்த ஆராய்ச்சிக்காரங்க வேனு. பீடி சுத்துற பொம்பளைகள்ல சில பேரச் சீட்டுக் குலுக்கி எடுத்திருக்காவளாம். மாசத்துக்கு ஒருதடவ நெஞ்சு சோதன. உடம்பு முடியாம சுத்தாம இருந்தா, இருக்கிற நாளைக்குக் கூலி. இப்பிடிக் குடுத்தா என்ன ஆவுது, குடுக்கலைன்னா என்ன ஆவுதுன்னு பாக்காவளாம். குடுக்கலைன்னா என்ன ஆவும்னு எங்க தெருவுல வந்து கேட்டாச் சொல்ல மாட்டமா? இதுக்கு ஒரு ஆராய்ச்சி! எதுத்த வீட்டுச் செல்லக்கனி இருக்கா, அவ பாதி நாளு வாசல்ல நின்னு கத பேசுறவ, அவ சீவிச் சிங்காரிச்சு அந்த வேன்ல ஏறுதா. என் ஆவுட ஜன்னக் கம்பியப் புடிச்சுக்கிட்டு இருமிக்கிட்டே பாக்கா.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நேரா ஆலங்குளத்துல அவங்க ஆபீஸுக்குப் போனேன். அங்க ஒரு பையன் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு, "ஐயா, உங்க வீட்டுல பீடி சுத்துறவங்க யாரும் இல்லன்னு இருக்கு. அதனால உங்க வீடு குலுக்கல்லயே வரல"ங்கான்.

"யாரு சொன்னா? நான் அப்பிடிச் சொல்லவே இல்லியே!"ன்னேன்.

"வீட்டம்மா எந்த வேலையும் பாக்கல, சும்மா இருக்காங்கன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா, அது சொன்னேன்."

"அதான் ஐயா."

"எதான்? சும்மா இருக்கான்னுதான சொன்னேன், பீடி சுத்தலைன்னா சொன்னேன்?"

அந்தப் பையனுக்குத் தமிழே வெளங்கல அண்ணாச்சி. பேந்தப் பேந்த முழிக்கான். இந்த மாதிரி ஆட்கள வச்சுக்கிட்டு ஏழைகளுக்கு என்னத்தக் கண்டுபுடிக்கப் போறாவ! இனி அடுத்த சர்வே வரும்போதுதான் மாத்த முடியும்னுட்டான். அது எப்பன்னா, அடுத்த வருசமாம். மேசையத் தட்டிச் சத்தம் போட்டுட்டு வந்தேன். வீட்டுல வந்து ஆவுடகிட்டச் சொன்னேன், "உன் பேர அந்தப் பிள்ள தப்பா எழுதிட்டுப் போயிருக்காட்டி"ன்னு. அவ எலை வெட்டிக்கிட்டே, "அவ தப்பா எழுதல"ன்னா. பாருங்க, அப்பக்கூட அடுத்தவளுக்குத்தான் பரிஞ்சு பேசினா. அப்பிடி ஒரு மனுசி.

அடுத்த சர்வே வரைக்கும் அவ இருக்கல. ஐப்பசி மழையில போயிட்டா.

கடைசியில ஒரு வாரந்தான் ஆஸ்பத்திரி. ரெண்டு பக்கமும் நெஞ்சு போச்சுன்னுட்டாவ. முன்னாலயே கொண்டாந்திருந்தா என்னமாவது செஞ்சிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாவ. மூக்குல கொழா. பேச்சு வரல. கை மட்டும் போர்வ மேல அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு அண்ணாச்சி. சுத்துது, மடக்குது, சுத்துது, மடக்குது. நான் அந்தக் கையப் புடிச்சு அமத்தினேன். "கொஞ்ச நேரம் சும்மா இருட்டி, சும்மா இரு தாயி"ன்னு அழுதேன். குளுப்பாட்டும்போது பொம்பளைங்க எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுப் பாத்தாவளாம், விரல் நுனியில இருந்த கறை போவவே இல்லியாம். அதோடயே எரிச்சோம்.

ஆளில்லாத வீடுன்னா என்னன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. அவ இருக்கும்போது அவகிட்ட நான் என்னத்தப் பேசினேன்? சோறு எங்க, சட்ட எங்க. ஆனா இப்ப வாசல்ல ஏறி உள்ள போவ முடியல அண்ணாச்சி. தூளு வாட ஒண்ணு இருக்கும் பாருங்க, அது மூக்குல அடிச்சதும் வாசப்படியிலயே உக்காந்துருவேன். அந்த வாட இன்னும் வீட்டுல இருக்கு.

ஏன் இருக்குன்னா, மவ காலேஜ நிறுத்திட்டா. நான் நிறுத்தச் சொல்லல, சாமி சத்தியமாச் சொல்லல. ஆவுட படுத்ததுமே அவளா நின்னுட்டா. பொறுப்பான பிள்ள. வீட்டுல இருந்துக்கிட்டு அம்மாவப் பாத்துக்கிட்டா. அம்மா போன பொறவு அந்தத் தட்ட எடுத்து அவ மடியில வச்சுக்கிட்டா. சின்னதுலேயே ஆவுட கூட உக்காந்து தல மடக்கிக் குடுப்பா. அம்மா அத விட்டுட்டுப் படிட்டின்னு வெரட்டுவா, இவ கேக்க மாட்டா. நானும், சரி, பிள்ளைக்குப் பொழுது போவட்டும்னு விட்டுட்டேன். பாவூர்சத்திரத்துல இருந்து ஒரு நல்ல சம்மந்தம் வந்துச்சு. பையன் மில்லுல மேனேஜரு. அவங்க வந்து கேட்டப்ப, "என் மவளுக்குப் பீடித்தட்டுன்னா என்னன்னே தெரியாது, பூ மாதிரி வளத்திருக்கேன்"ன்னேன். இந்தக் காலத்துல பீடி சுத்துற பிள்ளைன்னா நெஞ்சு நோவு இருக்கும்னு நெனைக்காவ அண்ணாச்சி. அதான் சொன்னேன். அவ உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

போன மாசம் அந்த அகிலா திரும்ப வந்தா. அதே அட்ட, அதே போனு. "ஆவுடையம்மா இருக்காங்களா"ன்னு கேட்டுக்கிட்டு வாசல்ல நின்னா.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லுங்க. "இல்லம்மா, போயிட்டா"ன்னேன். அந்தப் பிள்ள முகம் செத்துப்போச்சு. அதுக்கு உண்மையிலேயே தெரியாது போல. பொறவு மெதுவாச் சொல்லுச்சு, "அவங்க பேர முடிச்சு வைக்கணும் ஐயா"ன்னு. அப்ப நான் ஒரு காரியம் செஞ்சேன். "அம்மா, முடிக்கிறதுக்கு முன்னால அவ பீடி சுத்துனான்னு ஒரு வார்த்த மாத்திரும்மா"ன்னேன். "பழைய பதில மாத்த முடியாது ஐயா, மன்னிச்சுக்கிடுங்க. இப்ப இருக்கிறவங்களப் பத்தி மட்டுந்தான் எழுத முடியும்"னா. எழுதட்டும். மறுபடியும் நான் சேரு போட்டேன். உக்காந்தா. அதே கேள்விகள வரிசையாக் கேட்டுக்கிட்டு வாரா.

"உங்க மகள் என்ன செய்யுறாங்க?"

எனக்கு நெஞ்சுக்குள்ள பாவூர்சத்திரத்துச் சம்மந்தம் ஓடுது. அந்தப் பலகப் போன்ல தட்டினா அது எங்கெங்க போவும்னு யாரு கண்டா? "படிச்ச பிள்ளம்மா. கல்யாணம் பேசியிருக்கு. வீட்டுலதான்..."

நான் சொல்லி முடிக்கல. கதவு தொறந்துச்சு. இந்து தட்டோட வந்து நின்னா. தூளு, எலை, கத்திரி, கெட்டின கட்டு, கெட்டாத கட்டு, எல்லாத்தோடயும் அந்தத் தட்டக் கொண்டாந்து அந்தப் பிள்ள காலடியில வச்சா.

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து எங்கம்மா இதத்தான் செஞ்சா அக்கா. எங்கப்பா விழுந்து கெடந்தப்ப ராத்திரியும் சுத்துனா. இப்ப நான் சுத்துதேன். எங்கம்மாவுக்கு எழுத முடியாதுன்னா போவட்டும். எனக்கு எழுதுங்க"ன்னா.

"ஏட்டி உள்ள போ"ன்னேன். போவல. என்னயத் திரும்பிக்கூடப் பாக்கல. அந்த அகிலா சேர விட்டு எந்திச்சு, தரையில என் மவ பக்கத்துல உக்காந்துட்டா. நான் எங்க வீட்டு வாசல்லயே அந்நியன் மாதிரி நிக்கேன். அவ கேக்கா, இவ சொல்லுதா. எம்புட்டுப் பேச்சு அண்ணாச்சி! என் மவ அம்புட்டுப் பேசுவான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"இருமல் இருக்கா?"

"இருக்கு."

"நெஞ்சு இறுக்கமா இருக்குமா?"

"விடியக்காலம் இருக்கும்."

"எப்ப இருந்து?"

"அம்மா இருக்கும்போதே."

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா அழுதா. அப்பாகிட்டச் சொல்லாத, அவிய தாங்க மாட்டாவன்னு சொன்னா."

நான் தாங்க மாட்டேன்னு சொன்னாளாம் அண்ணாச்சி. அவ நெஞ்சு போய்க்கிட்டு இருக்கும்போது.

நான் மழைக்காலச் சளின்னு நெனச்சேன். கசாயம் வச்சுக் குடிட்டின்னு சொல்லியிருக்கேன். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரு இருமினா எந்தச் சத்தம் யாரு சத்தம்னு மாடியில படுத்திருக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்? அன்னைக்கு அந்தப் பிள்ள ஏதோ எழுதிக் குடுத்து, அடுத்த மாசம் மொதச் செவ்வாக்கெழம பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்னு சொல்லிட்டுப் போச்சு. அன்னைல இருந்து இந்து எங்கிட்டப் பேச மாட்டேங்கா. சோறு வைக்கா, வெந்நி வைக்கா, துணி தொவைக்கா. பேச்சு இல்ல. பாவூர்சத்திரத்துக்காரங்களும் போனு எடுக்கல, தெருவுல எவளோ சொல்லிட்டா. அது போவட்டும் அண்ணாச்சி, அந்த மாப்பிள்ள போனா வேற மாப்பிள்ள. என் மவ நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னு மட்டும் இன்னைக்குச் சொல்லிட்டாவன்னா போதும். அவ ஆத்தாவ வச்சிருந்த அதே கட்டடத்துக்குத்தான் போறா. ஒத்தையில போறா. உள்ள கூப்புடும்போது அவ பைய யாரு வச்சுக்கிடுவா? அதுக்குத்தான் வாரேன். தூரமா நின்னுக்கிடுவேன். அவ கண்ணுல பட மாட்டேன்.

நான் என்ன தப்பு செஞ்சேன் சொல்லுங்க. குடிச்சேனா, அடிச்சேனா, இன்னொருத்திய வச்சிருந்தேனா? என் பொண்டாட்டி சொகமா இருக்கான்னு ஊருக்குச் சொன்னேன். அது ஒரு குத்தமா? அந்த சர்வே பிள்ள வந்திருக்காட்டா...

இருங்க, கண்டக்டர் வந்துட்டாரு. பெரியாஸ்பத்திரி ஒண்ணு குடுங்க சார். இந்தாங்க.

என்ன சார்? எடுத்தாச்சா? யாரு எடுத்தா? நான் எடுக்கலியே, வேற யாருக்கோ சேத்து...

முன்னால அந்தப் பச்சத் துப்பட்டாவா?

என்ன சார் சொல்லுச்சு? கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க, வண்டிச் சத்தத்துல கேக்கல.

கேட்டியளா அண்ணாச்சி? ரெண்டு டிக்கெட்டா எடுத்துட்டாளாம். "கடைசி சீட்டுல எங்கப்பா இருக்காவ. பேசிக்கிட்டே இருப்பாவ, ஸ்டாப்ப விட்டுருவாவ. ஆஸ்பத்திரி வந்ததும் கொஞ்சம் சொல்லி எறக்கி விட்டுருங்க"ன்னு சொன்னாளாம்.

ஏறும்போதே பாத்திருக்கா. இம்புட்டு நேரமும் தெரிஞ்சிருக்கு அவளுக்கு. நான் ஒளிஞ்சு வாரேன்னு இங்க உக்காந்து உங்ககிட்டப் பெருமையாச் சொல்லிக்கிட்டு வாரேன். அவ சுத்துன காசுல எனக்குச் சீட்டு எடுத்திருக்கா.

அவ அம்மா இப்பிடித்தான் இருந்திருப்பா என்ன? எல்லாம் தெரிஞ்சு, நான் பேசுறதையும் கேட்டுக்கிட்டு, எனக்கும் சேத்து எடுத்து வச்சுட்டு, அந்தால திரும்பி உக்காந்திருப்பா. ஐயோ ஆவுட.

இல்ல அண்ணாச்சி, நான் இனிப் பேசல. ஸ்டாப்பு வருது போல, ஆளு எந்திக்காவ. அவ எந்திச்சுட்டாளா? நின்னு பாக்காளா, இல்ல எறங்கிப் போயிட்டாளா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. எனக்குக் கண்ணு தெரியல.